நகல் என்ன பாவம் செய்தது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை தரட்டுமா என்றேன். "கவிதை நாப்பது வந்தாச்சு. வேற ஏதாச்சும் கொடுடா" என்றார். எனவே இந்தக் கட்டுரை. கிடாரைப் பற்றியது. எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'அப்ப உனக்கு எதுக்குடா கிடார்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை 1954-ல் வெளியிட்ட லியோ ஃபெண்டருக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். அதாவது நம்ம எலெக்ட்ரானிக்ஸ் ஆள்!

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசித்தவர். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று மாதத்தில் பாதி நாள் வேன் பயணம்தானாம். இப்போது அறுபது தாண்டிவிட்டது. தெருப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறார். அவரிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் உண்டு. 1983-ல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவருடைய மச்சான் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது. தலைப்பகுதியில் 'கிரெகோ' என்று எழுதியிருக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கும்.

போன வருஷம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? சத்தம் விட்டு விட்டு வருது. கொஞ்சம் பாரு."

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். அம்மா வீட்டிலேயே தையல். தெருவில் மிக்சி கெட்டாலும் செட் டாப் பாக்ஸ் கெட்டாலும் "எம் மவன் பாப்பான்" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிடுவார். நான் மாட்டிக்கொள்வேன். அப்படித்தான் இதிலும் மாட்டினேன்.

கிடாரைத் திறப்பதற்கு முன்னால் செல்போனில் தேடிப் பார்த்தேன். அந்த உருவம் கிப்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி 1952-ல் கொண்டு வந்த 'லெஸ் பால்' என்ற கிடாரின் உருவம். அவ்வளவுதான், எனக்கு ஞானம் வந்துவிட்டது! நேராக மாஸ்டரிடம் போய், "மாஸ்டர், இது டூப்ளிகேட். கிப்சனைப் பாத்து ஜப்பான்காரன் காப்பி அடிச்சது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் தம்பி. ஆனா பேரு கிரெகோன்னுதானே போட்டிருக்கு? கிப்சன்னு போடலியே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததால் டவுனில் ஒரு கடைக்கு இதை எடுத்துப் போனாராம். "ஜப்பான் காப்பிதானே சார்" என்று மூவாயிரம் ரூபாய்க்குக் கேட்டார்களாம். திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்.

நண்பர்களே, அந்தத் 'தானே' எனக்குப் பழக்கமான சொல். "என்னப்பா படிக்கிற?" "டிப்ளமோங்க." "ஓ... டிப்ளமோதானே?" கல்யாண வீட்டுப் பந்தியில் இதைக் கேட்காதவர்கள் நம்மில் யார்? மாஸ்டர் முன்னால் நானே அந்த வேலையைச் செய்துவிட்டேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

முதலில் கிடாரைத் திறந்த கதை. பின்பக்கத்து மூடியில் நாலு ஸ்க்ரூ. உள்ளே நாலு பொட்டென்ஷியோ மீட்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஷீல்டு ஒயர். நாற்பது வருஷத்துக்கு முந்தைய சால்டரிங் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு ஜாயிண்டும் பளபளவென்று, ஒயர்கள் ஒழுங்காக வளைந்து... நம் லேபில் நாம் செய்கிற 'கோல்டு ஜாயிண்ட்'களை நினைத்துக்கொண்டேன். பழுது பெரிதாக ஒன்றுமில்லை. ஜாக்கில் எர்த் ஒயர் அறுந்து தொட்டும் தொடாமலும் இருந்தது. 25 வாட் அயர்னில் ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் மூடுவதற்கு மனம் வரவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்தக் கிடாரில் சத்தத்தைப் பிடிக்கும் 'பிக்கப்' என்பது காந்தத்தின் மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிதான். கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் வோல்டேஜ் பிறக்கும். ஃபாரடே விதி, முதலாம் ஆண்டுப் பாடம்! ஆனால் ஒரே சுருளாக இருந்தால் கரண்ட் லைனின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். அதற்குக் கிப்சனின் என்ஜினீயர் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழி இரண்டு சுருள். சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இசை மட்டும் கூடும். மாஸ்டர் கிடாரில் இருப்பதும் இந்த இரட்டைச் சுருள்தான். அளந்தேன், எட்டு கிலோ ஓமை ஒட்டி வந்தது. இரண்டு பிக்கப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்து ஸ்கேல். கழுத்தின் உச்சியிலுள்ள நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் முழு நீளம். 62.8 சென்டிமீட்டர் வந்தது. ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் மீதிக் கம்பியின் நீளம் 1.0595-ஆல் வகுபட்டுக்கொண்டே போக வேண்டும். கால்குலேட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துக்கொண்டு எல்லா ஃபிரெட்டையும் சரிபார்த்தேன். என் ஸ்கேலுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் சுருதி கெட்டுவிடும். உருவத்தை மட்டும் டிரேஸ் எடுத்து ஒட்டுகிற காப்பி இல்லை இது என்பது அப்போதுதான் உறைத்தது.

தலையின் பின்பக்கம் ஒரு நம்பர். E79 என்று ஆரம்பிக்கிறது. ஜப்பானில் ஃபுஜிகென் என்ற தொழிற்சாலையின் அன்றைய முறைப்படி ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும், இலக்கம் வருஷத்தைக் குறிக்கும். A என்றால் ஜனவரி. ஆக, E79 என்றால் 1979 மே மாதம்.

இந்த ஃபுஜிகென் நாகானோ மாநிலத்தில் மாட்சுமோட்டோ என்ற மலைப்பக்கத்து ஊரில் 1960-ல் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவரான யூயிச்சிரோ யோக்கோச்சி விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். அதே ஊரில் மாட்சுமோக்கு என்று இன்னொரு தொழிற்சாலை. அது முதலில் சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது! பிறகு கிடாருக்கு மாறியது. இதை அம்மாவிடம் சொன்னேன். "மெஷின் பொட்டி செஞ்சவன் கிடார் செஞ்சா என்ன, ரெண்டும் மரந்தானே" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, அவர்கள் ஏன் கிப்சனைப் பார்த்துச் செய்தார்கள்? அதில்தான் கதையே இருக்கிறது. லெஸ் பால் கிடார் ஐம்பதுகளின் கடைசியில் சரியாக விற்கவில்லை. 1958 முதல் 1960 வரை செம்மஞ்சள் சாயமிட்டுச் செய்தவை ஆயிரத்து ஐந்நூறை ஒட்டித்தான் இருக்கும் என்கிறார்கள். 1961-ல் கம்பெனியே உருவத்தை மாற்றிவிட்டது. 1966-ல் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை வைத்து ஜான் மேயல் குழுவின் இசைத்தட்டில் வாசித்தார். உடனே எல்லோருக்கும் அது வேண்டும். ஆனால் கடையில் இல்லை! 1968-ல் கிப்சன் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. அதற்குள் அந்த கம்பெனியும் கைமாறும் காலம் வந்துவிட்டது. 1969-ல் வேறொரு நிறுவனம் அதை வாங்கியது, அதுவே பிறகு நார்லின் ஆனது. ஃபெண்டரை 1965-லேயே சி.பி.எஸ். டெலிவிஷன் நிறுவனம் வாங்கிவிட்டது. புது முதலாளிகள் வந்தால் என்ன நடக்கும்? கிப்சனில் உடல் மரத்தை அடுக்கடுக்காக ஒட்டினார்கள், கழுத்தை மூன்று துண்டாகச் செய்தார்கள். ஃபெண்டரில் கழுத்தைப் பிடிக்கும் நாலு ஸ்க்ரூ மூன்றானது.

(மெக்கானிக்கல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். மூன்று துண்டு ஒட்டிய கழுத்து ஒற்றை மரத்தைவிட வளையாது, உறுதி அதிகம். உண்மைதான். எழுபதுகளில் செய்த கிப்சன் எல்லாமே மட்டம் என்று சொல்பவர்கள் கட்சியில் நான் இல்லை.)

ஆனால் வாசிப்பவர்கள் ஐம்பதுகளின் கிடாரைத்தான் தேடினார்கள். ஜப்பான்காரர்களும் எழுபதுகளின் கடைசியில் அதையே பார்த்து அளந்து செய்தார்கள். ஹமாமாட்சு ஊரிலிருந்த டோக்கை என்ற கம்பெனி தன் கிடாருக்கு 'லெஸ் பால் ரீபார்ன்' என்றே பெயர் வைத்தது. மறுபிறவியாம்! என்ன தைரியம் பாருங்கள். அவர்கள் மாடல் நம்பரும் வேடிக்கை. LS-80 என்றால் எண்பதாயிரம் யென், ST-50 என்றால் ஐம்பதாயிரம் யென். விலையையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒளிவு மறைவு இல்லை.

ஆக, ஒரு காலகட்டத்தில் அமெரிக்காவில் செய்த 'அசலை'விட, ஜப்பானில் செய்த 'நகல்' பழைய அசலுக்குக் கிட்டத்தில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஒர்க்‌ஷாப்தான் ஞாபகம் வந்தது. முதல் வருஷம் ஃபிட்டிங்கில் நமக்குக் கொடுத்தது என்ன வேலை? ஒரு மாதிரியைக் கையில் கொடுத்து, அதே மாதிரி அரம் போட்டுக் கொண்டு வா என்றார்கள். இரண்டு துண்டையும் பொருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் சார். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. உள்ளங்கை காய்த்துப் போனதே, அது காப்பி இல்லையா? பக்கத்து பெஞ்சுக்காரன் ரெக்கார்டு நோட்டை வாங்கி ரீடிங்கை அப்படியே எழுதுகிறோமே, அதுவும் காப்பிதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதுதான் தவறு என்பது என் தாழ்மையான கருத்து. ரெக்கார்டு எழுதியபோது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை நானே வாக்குமூலமாகத் தருகிறேன்.

ஜப்பானிலும் இந்த இரண்டு வகையும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த நிறைய லெஸ் பால் நகல்கள் வெளியே பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே? அசலில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டியிருக்கும். இவர்கள் ஃபெண்டர் மாதிரி போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். சிலவற்றில் உடல் வெறும் பிளைவுட். அது ரெக்கார்டு நோட்டு வகை. அதே ஆட்கள் ஏழெட்டு வருஷத்தில் எங்கே வந்துவிட்டார்கள் என்பதற்கு மாஸ்டரின் கிடார் சாட்சி. அதில் கழுத்து ஒட்டியதுதான். தடவிப் பார்த்தேன், மூட்டில் நகம் கூட நுழையவில்லை. எனவே 'பழைய ஜப்பான் கிடார்' என்று சொன்னவுடனே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் தப்பு, 'காப்பிதானே' என்று தள்ளுவதும் தப்பு. திறந்து பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் ஒருவன் என்னை மடக்கினான். "நீ ராத்திரி பகலா உக்காந்து செஞ்ச ப்ராஜெக்டை ஒருத்தன் அப்படியே செஞ்சு பாதி விலைக்கு வித்தா சும்மா இருப்பியா?" நியாயமான கேள்வி. சும்மா இருக்க மாட்டேன். அந்த உருவத்தை யோசித்தது கிப்சன். அதற்கு ஜப்பான்காரர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. கிப்சனுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. 1977 ஜூன் மாதம் நார்லின் நிறுவனம் பிலடெல்பியா ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. யார் மீது? இபனெஸ் கிடார்களை விற்ற ஹோஷினோ என்ற ஜப்பான் கம்பெனியின் அமெரிக்கக் கிளையான எல்கர் மீது. எதற்கு? கிடாரின் தலை உருவத்துக்காக. விரித்து வைத்த புத்தகம் போல வளைந்திருக்குமே, அதற்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால் இபனெஸ் அதற்கு முந்தைய வருஷமே தலையை மாற்றத் தொடங்கிவிட்டது! 1978-ல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆகிவிட்டது. தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை.

இன்று விற்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எழுபதுகளின் ஜப்பான் கிடார் எதைக் கண்டாலும் 'வழக்குக் கிடார்' என்று பெயர் சூட்டி விலையை ஏற்றுகிறார்கள். இருந்தது ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு கம்பெனி மீது. கிரெகோ மீதும் இல்லை, டோக்கை மீதும் இல்லை. 'அசல்காரனே பயந்து கேஸ் போட்டானாம், அவ்வளவு நல்லா இருந்துச்சாம்' என்று ஒரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஸ் போட்டதால் ஒரு ஜாயிண்ட் நன்றாக ஒட்டிக்கொள்ளுமா? நேற்று 'காப்பி' என்று தள்ளியவர்களும் இன்று 'கேஸ்' என்று தூக்கிப் பிடிப்பவர்களும் ஒரே ஆட்கள்தான். இருவருமே மூடியைக் கழற்றிப் பார்க்காதவர்கள்.

ஃபெண்டர் செய்தது இன்னும் சுவாரசியம். ஜப்பான் நகல்களைத் தாங்க முடியாமல் 1982-ல் அங்கேயே 'ஃபெண்டர் ஜப்பான்' தொடங்கினார்கள். கூட்டாளி யார்? கிரெகோ பிராண்டின் சொந்தக்காரர்களான கந்தா ஷோக்காய், இன்னொரு கம்பெனி யமானோ. செய்து கொடுத்தது யார்? அதே ஃபுஜிகென்! நேற்று வரை கிரெகோ பெயரில் ஃபெண்டர் நகலைச் செதுக்கிய அதே கைகள் மறுநாள் ஃபெண்டர் என்றே எழுதிச் செதுக்கின. மரம் மாறவில்லை, மெஷின் மாறவில்லை. தலையில் ஒட்டிய பெயர் மாறியது, நகல் அசலாகிவிட்டது. 1985-ல் ஃபெண்டரின் ஆட்களே சி.பி.எஸ்.ஸிடமிருந்து கம்பெனியை வாங்கியபோது அமெரிக்கத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கொரோனா என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை தலையெடுக்கும் வரை ஃபெண்டரைத் தாங்கியதில் ஜப்பானுக்குப் பெரும் பங்கு. கிப்சன் மட்டும் என்ன? தன் இரண்டாவது பிராண்டான எபிஃபோனை எழுபதுகளிலேயே மாட்சுமோக்குவில், அந்தத் தையல் மெஷின் பெட்டித் தொழிற்சாலையில்தான் செய்துகொண்டது.

இபனெஸ் கதை தெரிந்ததுதான். வழக்கு முடிந்த பத்தாவது வருஷத்துக்குள், 1987-ல், ஸ்டீவ் வையோடு சேர்ந்து 'ஜெம்' என்ற கிடாரைக் கொண்டு வந்தார்கள். இப்போது அதைப் பார்த்து மற்றவர்கள் காப்பி அடிக்கிறார்கள்!

அந்தப் பொற்காலம் நீடிக்கவில்லை. 1985-ல் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது. டாலருக்கு 240 யென் என்றிருந்தது இரண்டு வருஷத்தில் 150-க்கும் கீழே வந்துவிட்டது. ஜப்பான் பொருள் வெளிநாட்டில் விலை கூடிப்போய், மலிவு கிடார் வேலையெல்லாம் கொரியாவுக்குப் போனது. மாட்சுமோக்கு 1987-ல் மூடப்பட்டது.

ஒன்றை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. இந்தப் பழைய கிடார்களின் தலையிலிருந்து சொந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு 'கிப்சன்' என்று ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். 1959-ன் உண்மையான லெஸ் பால் டாலரிலேயே லட்சக்கணக்கில் போகிறதே, ஆசை யாரை விட்டது! இது நகல் அல்ல, மோசடி. வாங்குபவனை ஏமாற்றுகிறார்கள் என்பது ஒருபக்கம். 1979 மே மாதம் மாட்சுமோட்டோவில் உட்கார்ந்து அந்த ஜாயிண்டுகளை வைத்தவரின் வேலையை வேறொருவர் கணக்கில் எழுதுகிறார்களே, அது எனக்கு அதைவிடப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. கம்பெனி பெயராவது தலையில் இருக்கட்டுமே!

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றார். மறந்தே போயிருந்தார். நம்பரைக் காட்டி மாதமும் வருஷமும் சொன்னேன். கையில் வாங்கி நெடுநேரம் பின்பக்கத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம் வாசித்தவர், அந்த நம்பருக்கு அர்த்தம் இருப்பது அவருக்குத் தெரியாது. வெளியூரில் ஒருவர் போட்டோ பார்த்துவிட்டு நல்ல விலைக்குக் கேட்டார். கடைக்காரர் சொன்னதைவிடப் பல மடங்கு. 'வழக்குக் கிடார்னு போட்டு வித்தா இன்னும் கிடைக்கும்' என்று அவரே யோசனையும் சொன்னார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சொல்வது எனக்குச் சுலபம், ஃபீஸ் கட்ட வேண்டியது அவர் அல்லவா? அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியில் நகைக் கடன் வைத்து அந்த வருஷ ஃபீஸைக் கட்டினார். அடுத்த வருஷம் என்ன செய்வார் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விற்றாலும் 'கிரெகோ, 1979, மாட்சுமோட்டோ' என்று உள்ளதை உள்ளபடி எழுதித்தான் விற்பேன் என்கிறார். ஜாக் ரிப்பேர் ஆனதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்குக் கிடார் அவர் வீட்டில்தான் இருக்கிறது. பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் ஞாயிறு மாலை என்னோடு வரலாம். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வர வேண்டாம். என்னைத் தவிர இனி யாரையும் திறக்க விடப் போவதில்லையாம்.